வெளிச்சம் அடித்தால் வயிறு தெரியுமா?

குற்றாலம் சீசனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். பரோட்டா செரிக்கவில்லையா, குடல்வால் வீங்கியிருக்கிறதா? ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து ஒளியைப் பாய்ச்சினால் தெரிந்துவிடுமாம்! இதில் ஒரு முறைக்கு சி.வி.ராமன் 1928-ல் கண்ட ஒளிச்சிதறல்தான் அடிப்படை. பெருமைப்படலாம், சரி.

ஆனால் பிளாஸ்மா உடம்பு முழுக்கச் சுற்றுகிற சமாச்சாரம் ஐயா! அழற்சி வந்தால் கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதத்தைக் கொட்டும், நிமோனியாவுக்கும் கொட்டும். கோளாறு எங்கே, கத்தி வைக்கணுமா என்பதை வலது அடிவயிற்றை அழுத்திப் பார்க்கும் கையும் ஸ்கேனும்தான் சொல்லும்.

2019-ல் தனி மாவட்டமான தென்காசி லேசர் பெட்டியைக் கேட்கும் முன், ராத்திரி இரண்டு மணிக்கும் அறுவை மருத்துவரையும் மயக்க மருத்துவரையும் கேட்கட்டும். அவர்கள் இல்லாத இரவில் ஆம்புலன்ஸ் பாளையங்கோட்டைக்குத்தான் ஓடணும்... ஆலங்குளம் தாண்டும்வரை குடல்வால் பொறுக்குமா?