நவாலியில் குண்டு போட்ட விமானத்தை ஓட்டியது யார்?
ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்



நவாலி மக்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 9ஆம் திகதி தங்கள் தேவாலயத்தில் கூடி மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இறந்தவர்களின் பெயர்களை நினைவுகூர்ந்து நீதி கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம் மூடிய உறையில் தங்கள் செயலகத்துக்கு வராமல், எல்லோரும் படிக்கும்படி பத்திரிகையில் வருகிறது. தாங்கள் நாட்டின் ஜனாதிபதி. முப்படைகளின் தளபதியும் பாதுகாப்பு அமைச்சரும் தாங்களே. ஆகவே இந்தக் கேள்வியைத் தங்களிடமிருந்து வேறொருவர் மேசைக்குத் தள்ளிவிட இடமில்லை.

1995 ஜூலை 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வலிகாமத்தில் ‘முன்னேறிப் பாய்ச்சல்’ இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஷெல்கள் விழ விழ, அளவெட்டி, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்து மக்கள் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கள் என்று துண்டுப்பிரசுரம் போட்டுச் சொன்னது அரசாங்கம். சனம் சொன்னபடி செய்தது. நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்துக்குள்ளும் வளவுக்குள்ளும், அருகில் சின்னக்கதிர்காமர் கோயில் பக்கமும் வந்து இருந்தார்கள். பின்னேரம் அரசாங்கத்தின் விமானம் வந்து அதே இடத்தில் குண்டுகளைப் போட்டது.

செஞ்சிலுவைச் சங்கத்தினர் காயப்பட்டவர்களை இரவோடிரவாக ஏற்றி இறக்கினார்கள். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதிகள் மறுநாள் காலை பல உடல்கள் இன்னும் இடிபாட்டுக்குள் கிடப்பதைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். 65 பேர் இறந்ததாகவும் 150 பேர் காயமடைந்ததாகவும் அவர்கள் உடனடியாக அறிவித்தார்கள். அதன் பிறகும் உடல்கள் வந்தன, மருத்துவமனையில் உயிர்கள் போயின. ஊரவர் வைத்திருக்கும் கணக்கு இன்று 140ஐத் தாண்டும். அன்றைய வெளிவிவகார அமைச்சு இறந்தவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், தன்னிடம் கேட்காமல் அறிக்கை விட்டதற்காகச் செஞ்சிலுவைக் குழுவைக் கடிந்துகொண்டது.

தாங்கள் விதிகளை அறிந்தவர். வழிபாட்டிடம், பொதுமக்கள், முன்னெச்சரிக்கை என்று சட்டம் சொல்வதை இங்கே திருப்பி எழுதிக் காகிதத்தை நிரப்பத் தேவையில்லை. விமானத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டும். முப்பது வருடமாக ‘போரில் தவறு நடக்கும்’ என்ற ஒரே வாக்கியம் இந்தக் கொலைகளை மூடி வைத்திருக்கிறது. அந்த வாக்கியம் ஏன் பொருந்தாது என்பதை விமானமே சொல்லும்.

யாழ்ப்பாணத்துச் சனம் அதைப் ‘புக்காரா’ என்றது. பிள்ளைகள்கூட சத்தத்தை வைத்தே எந்தப் பொம்மர் வருகிறது என்று சொல்லிவிட்டுப் பங்கருக்குள் இறங்கிய காலம் அது. அன்று நவாலிக்கு மேல் வந்தது புக்காராதான் என்பது பார்த்தவர்களின் சாட்சியம். புக்காரா ஆர்ஜென்டீனாவில் செய்யப்பட்டது. 1969இல் முதன்முதலாகப் பறந்தது. கிளர்ச்சியாளர்களுடன் சண்டையிடவென்றே வடிவமைத்தார்கள். 1975இல் டுக்குமான் மாகாணத்துக் கெரில்லாக்களுக்கு எதிராக ஆர்ஜென்டீன விமானப்படை அதைப் பயன்படுத்தியது. இரண்டு சுழல்விசிறி இயந்திரங்கள், இரண்டு 20 மி.மீ. பீரங்கிகள், நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், ஏறத்தாழ ஒன்றரைத் தொன் குண்டு. உச்ச வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர். கரடுமுரடான மண் ஓடுபாதையிலும் இறங்கும். விலையும் எரிபொருளும் பராமரிப்பும் ஜெட் போர்விமானத்துக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான். இலங்கை 1993இல் நான்கு புக்காராக்களை வாங்கியது. அதற்கு முன்பு 1980களின் நடுவில் வாங்கிய சியாய் மார்ச்செட்டி பயிற்சி விமானங்களும் இதே வேலையைத்தான் செய்தன. வடமராட்சிக்காரருக்கு அவை ‘சியாமாசெட்டி’.

இப்படி மெதுவான, மலிவான விமானங்களை உலகத்துப் படைகள் ஏன் இன்னும் விரும்புகின்றன? வியட்நாமில் பறந்த ஓவி-10 புரொங்கோவில் இரண்டை அமெரிக்கா 2015இல் ஈராக்குக்கு எடுத்துப் போய் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராகப் பறக்கவிட்டது. பிரேசிலின் சூப்பர் டுக்கானோவைக் கொலம்பியா, ஆப்கானிஸ்தான், பிலிப்பைன்ஸ், நைஜீரியா என்று பல நாடுகள் பெற்றன. விற்பவர்களும் வாங்குபவர்களும் சொல்லும் காரணம் செலவு மட்டுமல்ல. மணிக்கு 900 கிலோமீற்றரில் போகும் ஜெட் ஒரு செக்கனில் 250 மீற்றரைக் கடந்துவிடும். ஓர் ஊரை விமானி பார்த்து முடிப்பதற்குள் ஊர் பின்னால் போய்விடும். மெதுவான விமானம் வட்டமிடும், தாழப் பறக்கும், திரும்ப வரும். கூரையையும் கோபுரத்தையும், துவக்குத் தூக்கியவரையும் பிள்ளை தூக்கியவரையும் பிரித்தறிய விமானிக்கு நேரம் கொடுக்கும். புக்காராவின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருப்பதும், விமானியைச் சுற்றிக் கண்ணாடி மூடி இருப்பதும் அதற்காகத்தான். இந்த விமானத்தை வாங்குவதென்றால் பார்வையை வாங்குவது என்று அர்த்தம்.

அப்படியானால் நவாலியில் அந்தப் பார்வை எங்கே போனது?

இரண்டு பதில்கள்தான் இருக்க முடியும். ஒன்று, விமானி தாழப் பறந்தார், பார்த்தார், போட்டார். பனைமரங்களுக்கும் ஓட்டு வீடுகளுக்கும் நடுவே தேவாலயம் தெரியாமல் போக வழியில்லை. பகல் வெளிச்சம் இருந்தது, வளவு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அப்படி நடந்திருந்தால் அதைத் தவறு என்று அழைக்கவே முடியாது.

மற்றது, அவர் உயரப் பறந்தார், பார்க்கவில்லை. இதற்கு ஒரு காரணமும் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில், புலிகள் இரண்டு அவ்ரோ விமானங்களைத் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளால் வீழ்த்தியிருந்தார்கள். நவாலிக்கு ஐந்து நாள் கழித்து, ஜூலை 14ஆம் திகதி, ஒரு புக்காராவும் விழுந்தது. ஏவுகணை வந்துவிட்ட வானத்தில் மெதுவான விமானம் தாழப் பறக்க அஞ்சும். விமானியின் அச்சம் மனித இயல்பு, அதில் குற்றம் காண எதுவுமில்லை. ஆனால் உயரப் போனதும் அந்த விமானத்துக்கிருந்த ஒரே நற்குணம் போய்விடுகிறது. மிஞ்சுவது, வழிகாட்டும் கருவி எதுவுமில்லாத குண்டுகளைச் சுமக்கும் ஒரு பழைய இயந்திரம். அதைச் சனம் அடைந்து கிடக்கும் ஊர்களுக்கு மேல் அனுப்பினால் என்ன நடக்கும் என்று கட்டளையிட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பினார்கள். பதின்மூன்று குண்டுகள் விழுந்ததாகத் தமிழர் தரப்புப் பதிவுகள் சொல்கின்றன. ஒரு குண்டு தவறலாம். பதின்மூன்றும் தவறுமா?

தாழப் பறந்திருந்தால் விமானி பதில் சொல்ல வேண்டும். உயரப் பறந்திருந்தால் அனுப்பிய தளபதி பதில் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஒன்று இல்லை. ஆனாலும் இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் ஒருவர்கூட நிறுத்தப்படவில்லை.

இந்த நாட்டில் ஆணைக்குழுக்களுக்குக் குறைவில்லை என்பது தங்களுக்குத் தெரியும். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2002 பெப்ரவரியிலிருந்துதான் பார்த்தது. ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணையும் அதே 2002இல்தான் தொடங்குகிறது. காணாமல்போனோர் அலுவலகத்திடம் நவாலிக்காரர் போக முடியாது, அவர்களுடைய உறவினர் காணாமல் போகவில்லை. எங்கே, எந்த நாள், எப்படி இறந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். பெயர் எழுதி நினைவுக்கல்லும் நட்டாயிற்று. இப்படி எந்த வாசலில் போய் நின்றாலும், உங்கள் விடயம் இங்கே வராது என்று திருப்பி அனுப்பப்பட்ட சனம் அது.

ஜனாதிபதி அவர்களே, 2017 ஜனவரி 17ஆம் திகதி நைஜீரியாவின் ரான் என்ற ஊரில் இடம்பெயர்ந்தோர் முகாம் மீது அந்நாட்டு விமானப்படை குண்டு போட்டது. உணவு கொடுத்துக்கொண்டிருந்த செஞ்சிலுவைப் பணியாளர் ஆறு பேர் உட்பட ஏராளமானோர் இறந்தார்கள். குறைந்தது 90 பேர் என்றது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. அங்கேயும் நீதி கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா நைஜீரியாவுக்கு 12 சூப்பர் டுக்கானோக்களை விற்க அனுமதித்தது, மதிப்பு 593 மில்லியன் டொலர். அதையெல்லாம் பாராட்ட முடியாது. ஆனால் குண்டு விழுந்த அன்றைக்கே அந்த நாட்டு இராணுவத் தளபதி ஒருவர் செய்தியாளர் முன் வந்து, நாங்கள்தான் போட்டோம், பொதுமக்கள் இறந்துவிட்டார்கள் என்று சொன்னார். நவாலி அந்த ஒரு வாக்கியத்துக்காக முப்பது வருடம் காத்திருக்கிறது. நைஜீரிய இராணுவம் ஒரு பகலில் சொன்னதைச் சொல்ல உங்கள் அரசுக்கு எத்தனை ஜனாதிபதிகள் வேண்டும்?

உங்களிடம் இதைக் கேட்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இந்தத் தீவில் அரசாங்கம் தன் குடிமக்களின் கிளர்ச்சி மீது முதலில் விமானத்தை ஏவியது வடக்கில் அல்ல. 1971 ஏப்ரலில் ஜெட் புரோவோஸ்ட் பயிற்சி விமானங்கள் தெற்கின் காடுகளுக்கும் கிராமங்களுக்கும் மேலே தாக்குதலுக்கு அனுப்பப்பட்டன. அவை தேடிப் போனது உங்கள் கட்சியின் இளைஞர்களை. ஒவ்வொரு கார்த்திகையிலும் உங்கள் கட்சி தன் இறந்தவர்களுக்காகக் கூடுகிறது. அரசு கொன்றவர்களுக்காக அரசிடமே கணக்குக் கேட்பது எப்படிப்பட்ட வேலை என்று இதற்கு முன் அந்தக் கதிரையில் இருந்த எவருக்கும் உங்களைப் போல் தெரிந்திருக்காது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை மக்கள் உங்கள் கூட்டணிக்குக் கொடுத்தார்கள். தெற்கின் கட்சி எதற்கும் இதற்கு முன் கிடைக்காத நம்பிக்கை அது. அந்த வாக்குகள் வலிகாமத்திலிருந்தும் வந்தன.

எனவே பழைய கதையைக் கிளற வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆதாரம் கிடைப்பது கஷ்டம் என்றும் சொல்லாதீர்கள். விமானப்படை வாங்கிய புக்காராக்கள் மொத்தமே நான்கு. அந்தச் சில விமானங்களில், ஒரு குறித்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பறந்தது எது, ஓட்டியது யார், இலக்கை எழுதிக் கொடுத்தது யார், எத்தனை குண்டு ஏற்றினார்கள், எத்தனையோடு திரும்பினார்கள் என்று கண்டுபிடிக்க ஆணைக்குழு தேவையில்லை. ஒரு பறப்புப் பதிவேடும் குண்டேற்றிய கணக்கும் விமானியின் குறிப்பேடும் போதும். எந்த விமானப்படையும் இவற்றை எழுதாமல் ஒரு விமானத்தைத் தரையிலிருந்து கிளப்புவதில்லை. தேவாலயத்துக்குப் போகச் சொன்ன துண்டுப்பிரசுரத்தை அச்சடித்தவர்களும் அதே தேவாலயத்துக்கு மேல் விமானத்தை அனுப்பியவர்களும் ஒரே நடவடிக்கைத் திட்டத்தின் கீழ் வேலை செய்தவர்கள். அந்தத் திட்டமும் காகிதத்தில்தான் இருந்தது.

அந்தக் கோவைகள் எங்கே என்று கேட்கவும், கேட்டதை மேசைக்குக் கொண்டுவரச் செய்யவும் இந்த நாட்டில் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. கேளுங்கள். கிடைப்பதை வெளியிடுங்கள். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால், அழித்தவர் யார், எந்த ஆண்டில், யாருடைய உத்தரவில் என்பதையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஜூலை 9க்கு முன்னர் அந்தப் பதிலை நவாலிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதைத் தமிழில் எழுதி, உங்கள் கையெழுத்தோடு அனுப்புங்கள்.