மாமியார் மெச்சிய வால்வு

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமியாரின் சீதனமாக வந்த வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் இன்னும் பாடுகிறதாம். பிள்ளை புது ஆம்ப்ளிபயர் வாங்கி வைத்தும் அந்த அம்மாள் அதன் பக்கம் திரும்புவதில்லை. "இது தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கு, என் பெட்டியிலேதான் குரல் குழைஞ்சு வருது" என்கிறாராம். இப்போது பெட்டி "ம்ம்ம்" என்று முனக ஆரம்பித்திருக்கிறது. ரிப்பேர் செய்வதா, பழைய சாமான்காரரிடம் போடுவதா? மாமியார் சொல்வது நிஜமா, பிடிவாதமா?

பாதி நிஜம், சகோதரி! மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

வால்வு என்பது காற்றை உறிஞ்சியெடுத்த கண்ணாடிக் குழாய். உள்ளே இழை சூடேறினால்தான் வேலை நடக்கும்; அதனால்தான் ஸ்விட்சைப் போட்டதும் பாட்டு வருவதில்லை. 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் பிறந்த டிரான்சிஸ்டருக்கு இந்தச் சூடெல்லாம் வேண்டாம். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது; 1962-லேயே ஜெர்மானிய டிரான்சிஸ்டர் வகையறாவுக்கும் வந்துவிட்டது. மூத்த மருமகள் வந்த மறு வருஷமே இளைய மருமகள்!

அடக்கமாக வைத்துக் கேட்கும்வரை, ஒழுங்காகச் செய்த இரண்டுக்கும் அதிக பேதமில்லை. சக்திக்கு மீறி முடுக்கினால்தான் குணம் வெளிப்படும். ஒலி அலையின் உச்சியை வால்வு மெள்ள வளைத்து அமுக்கும். ரேடியோப் பெட்டியின் ஒற்றை வால்வு அப்போது உபரியாகச் சேர்ப்பது பெரும்பாலும் மேல் ஸ்தாயியின் அதே ஸ்வரம். ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் சேர்ந்தால் காது கோபிக்குமா? டிரான்சிஸ்டரோ உச்சியை அரிவாள்மணையில் வைத்தாற்போல் நறுக்கிவிடும். அந்தக் கரகரப்புத்தான் தகர டப்பா.

ஆனால் புகழில் பெரும்பங்கு அந்த மரப்பெட்டிக்கும் உள்ளேயிருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் சேரவேண்டும். பாப் கார்வர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1985-ல், விலையுயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிபயரின் நாதத்தைத் தம்முடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் அப்படியே வரவழைப்பதாகச் சவால்விட்டார். வரவழைத்தும் விட்டார்! சங்கீத சாதனங்களையே விமரிசித்துப் பிழைக்கும் பத்திரிகைக்காரர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. ஆகவே பிள்ளை வால்வு ஆம்ப்ளிபயர் தேடிப் பணத்தைக் கொட்டவேண்டாம். நல்ல மரப்பெட்டி ஸ்பீக்கர் வாங்கி, சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கட்டும்.

பழைய பெட்டியைப் போட்டுவிடாதீர்கள். முனகலுக்குப் பெரும்பாலும் காரணம் உலர்ந்துபோன கன்டென்சர். அது அற்ப விலைச் சாமான். ஆவடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கந்தான். மாற்றுவதை மட்டும் வால்வு தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அணைத்த பிறகும் கன்டென்சர் கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். செல்போனை ஒயர் போட்டுப் பெட்டியின் பின்னால் செருகிப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி செய்த பெட்டியானால், உள்தகடே மெயின் கரண்டோடு நேராகச் சேர்ந்திருக்கும்.