குல்லா பின்னுங்கள்... தூங்கும்போது கழற்றிவிடுங்கள்!

போன சித்திரையில் ஒரு பாட்டியம்மா, நான்கு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு பதறியபடி என் வைத்தியசாலைக்கு வந்தார். "டாக்டர், புள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. மாந்தமா என்னன்னே தெரியலே!"

குழந்தையின் தலையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூப்போட்ட கம்பளிக் குல்லா. விளிம்பை மடித்துக் காதை மூடி இழுத்துவிட்டிருந்தார். ஒரு மாதம் உட்கார்ந்து அவரே பின்னியதாம். மெதுவாகக் கழற்றினேன். நெற்றியைச் சுற்றி வேர்க்குரு! கால் மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டர் வைத்தால் சூடு சாதாரணம். பிள்ளை பொக்கை வாயால் சிரிக்கிறது.

"மருந்து?" என்றார் பாட்டி. "இப்ப கழட்டினோமே, அதுதாம்மா மருந்து" என்றேன்.

குல்லாவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகள் இந்தப் பூப்பின்னலுக்குப் பேர்போனவை. அங்குள்ள ஃபேர் ஐல் என்ற தீவின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். ஒரு வரிசையில் இரண்டு நிற நூல். ஒன்று முன்னால் பூவாக விழும்போது மற்றது பின்பக்கம் ஓடும். அதனால் துணி கனமாகிறது. விளிம்பை மடித்தால் காதுக்கு இன்னும் ஓர் அடுக்கு. குளிர்காற்று வீசும் தீவுக்கு அது சரி. ஊட்டிப் பனியில் வெளியே போகும் குழந்தைக்கும் சரி. ஆனால் சென்னையில், மதுரையில், ஜன்னலைச் சாத்திய அறையில்?

பிறந்த குழந்தையின் உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். குளிரில் அந்த வழியாகத்தான் நிறையச் சூடு வெளியேறும். வெக்கையில் வெளியேற வேண்டிய சூட்டுக்கும் அதுதான் வழி. அதை அடைத்துவிட்டால்? சூடு மிஞ்சிய தூக்கத்தில் பச்சிளம் குழந்தை திடீரென்று இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. குல்லா நழுவி மூக்கை மூடலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2022-இல் தந்த ஆலோசனையும் இதுதான்: வீட்டுக்குள் தூங்கும் குழந்தைக்குக் குல்லா வேண்டாம். பிறந்த முதல் சில மணி நேரமும், எடை குறைவாக, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் விதிவிலக்கு. அங்கே ஆஸ்பத்திரியில் சொல்கிறபடி கேளுங்கள்.

"மண்டையில காத்து பட்டா சளி புடிச்சுக்கும்" என்பீர்கள். சளி பெரும்பாலும் தொற்றிக்கொள்வது. வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு இருப்பதே ஆரோக்கியம் என்பது சித்த மருத்துவம். கபத்துக்குப் பயந்து பித்தத்தைக் கூட்டலாமா?

குழந்தையின் கை, கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். குல்லாவைக் கழற்றிய பிறகும் சூடு இறங்கவில்லையா? மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி இருந்தாலே கைவைத்தியம் வேண்டாம். என்னிடம்கூட வர வேண்டாம். நேரே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அயல்நாட்டுப் பேரனுக்குப் பின்னும் பாட்டிமார்களே, பின்பக்கம் ஓடும் நூலை நான்கைந்து கண்ணிக்கு ஒருமுறை முறுக்கிச் சேருங்கள். பிஞ்சு விரல் மாட்டாது. தாடையில் கட்டும் கயிறு, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். அனுப்பும்போது ஒரு சீட்டும் எழுதி வையுங்கள்: 'வெளியே போகும்போது மட்டும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடவும்.'

அந்தச் சீட்டையும் சேர்த்தால்தான் உங்கள் குல்லா முழுமையாகும்!