பழைய கருவியும் புதிய துணையும்

மிதிவண்டித் தொழிலால் பெயர்பெற்ற ஊர் அம்பத்தூர். டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஆங்கு 1949-ஆம் ஆண்டில் தோன்றியது. மிதிவண்டியின் டயர் தேய்ந்துவிட்டால் வண்டியையே எறிவார் உளரோ? வேறொருவர் செய்த டயராயினும், அளவு ஒத்திருப்பின் வாங்கிப் பூட்டுகின்றோம். அளவினை வரையறுத்துப் பலரும் ஏற்றுக்கொண்டமையே இதற்குக் காரணமாகும்.

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் பழைய வீடியோ கேம் கருவிக்கும் இந்நெறியே பொருந்தும். அதனை இயக்கும் கைக்கருவியை ஜாய்ஸ்டிக் என்பர். விரல்கள் ஓயாது அழுத்துதலால் முதலிற் பழுதுறுவது அதுவே. கருவியைச் செய்தோரின் ஜாய்ஸ்டிக் கிடையாதெனில் கருவியையே கழித்துவிடுக என்பர் சிலர். அக்கூற்று ஏற்புடையதன்று.

அமெரிக்காவில் 1977-இல் வெளிவந்த அடாரி கருவியின் ஜாய்ஸ்டிக், ஒன்பது முனை கொண்ட செருகியால் இணைக்கப்பெற்றது. பிற நிறுவனத்தார் பலரும் அம்முறையை மேற்கொண்டனர். அதனால் ஒருவர் செய்த ஜாய்ஸ்டிக் மற்றொருவர் கருவியையும் இயக்கிற்று. ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியிலோ, ஜாய்ஸ்டிக்கின் கம்பி உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதனை மாற்றக் கருவியையே திறத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் மக்களுக்கு உதவுவது எது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆயினும், செருகி நுழைந்தமை கொண்டே பொருத்தம் உண்டெனத் துணிதல் கூடாது. 1988-இல் தோன்றிய சேகா மெகா டிரைவின் ஜாய்ஸ்டிக்கும் ஒன்பது முனை உடையதே. ஆனால் அடாரி முறையில் ஏழாம் முனை வழியே செல்லும் ஐந்து வோல்ட் மின்சாரம், சேகா முறையில் ஐந்தாம் முனை வழியே செல்லும். ஆதலின் அதனைக் கமடோர் 64 என்னும் பழைய கணினியிற் செருகினால், கணினியின் சில்லு கெடுதல் கூடும். உருவம் ஒத்தும் இயல்பு ஒவ்வாதாரின் நட்பு இத்தகையதன்றோ?

இக்காலத்து யூ.எஸ்.பி. ஜாய்ஸ்டிக்கையும் பழைய கருவியோடு இணைக்கலாம். இடையே அடாப்டர் வேண்டும். இருமொழி அறிந்தான் ஒருவன் இருவரிடையே நின்று பேசுவதுபோல, அது புதியதன் குறிப்பைப் பழையது உணருமாறு மாற்றித் தரும்.

பழைய மின்கருவிகளின் பற்றாசில் ஈயம் உண்டு. கண்டவிடத்து எறிந்தால் அது மண்ணையும் நீரையும் கெடுக்கும். அம்பத்தூரும் ஆவடியும் ஏரிகளை உடைய ஊர்கள். அந்நீரைக் காத்தல் நம் கடன். ஆதலின், சிறு உறுப்புப் பழுதுற்றதென்று முழுக் கருவியை எறியாதீர். பொருத்தம் அறிந்து புதிய துணை சேர்த்து, பழையதை வாழச் செய்வீராக!