முப்பாட்டன் நானோவும் பூட்டிக் கிடக்கும் கண்ணாடி பீரோவும்

அத்திப்பள்ளி டிராபிக்ல பஸ் நிக்குது. வாட்ஸ்அப்ல அந்த மெசேஜ் திரும்பவும் வந்து விழுது. "தமிழன் அன்றே கார்பன் நானோ குழாய் செய்தான்! பகிருங்கள்!" இந்த வருஷத்துல நாலாவது தடவை. அனுப்பினவன் என்கூட இன்ஜினியரிங் படிச்ச பய. அதான் கடுப்பே.

மொதல்ல உண்மையைச் சொல்லிடறேன். அப்புறம் இனத்துரோகின்னு வீட்டுக்கு ஆட்டோ அனுப்பாதீங்க :-)

2006-ல ஜெர்மனியின் டிரெஸ்டன்ல பீட்டர் பாஃப்ளர் குழு, 17-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாள் துண்டு ஒண்ணை அமிலத்துல அரிச்சுப் பார்த்தாங்க. உள்ளே கார்பன் நானோ குழாய்கள். நேச்சர் இதழ்ல வந்த சமாச்சாரம். அந்த மாதிரி வாளுக்கு உருக்குக் கட்டி போனது நம்ம தென்னிந்தியாவுல இருந்து. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்கு வயசு கி.மு. 2172-ன்னு 2022-ல சட்டசபையிலயே அறிவிச்சாங்க. உலை ஊதின அந்தக் கைகளுக்கு ஒரு பெரிய கும்பிடு.

ஆனா ஐயா, குழாய் உள்ளே இருந்தது வேற. இருக்குன்னு தெரிஞ்சு அதை வேலை வாங்கறது வேற.

வேலை வாங்கறதுன்னா என்ன? நானோ குழாய்களை மெல்லிய படலமா படிய வெச்சு, ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி வெச்சா மின்னழுத்தம் வரும். 1821-ல சீபெக் கண்ட விளைவுதான். அதுல டோப்பிங் பண்ணினா மின்சாரம் நல்லாப் பாயும், ஆனா டிகிரிக்கு இத்தனை மைக்ரோவோல்ட்டுங்கிற சீபெக் எண் இறங்கும். சீபெக் எண்ணின் வர்க்கத்தை மின்கடத்துதிறனால பெருக்கினா வர்றதுதான் லாபக் கணக்கு. நம்மூரு களிக்குத் தண்ணி ஊத்தற மாதிரி: கூடினா கூழு, குறைஞ்சா கட்டி. 2016-ல அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்துக் குழு குறைகடத்திக் குழாய்களை மட்டும் பிரிச்சு எடுத்து, டோப்பிங் அளவை படிப்படியா மாத்தி அந்தப் பதத்தைத் தேடினாங்க.

இன்னொரு இம்சை. காத்துல இருக்கற ஆக்சிஜனே குழாயைத் தானா 'பி' வகை ஆக்கிடும். சாதனம் செய்ய 'என்' வகைக் காலும் வேணும். ஜப்பானின் நாரா மாகாணத்துல நோனோகுச்சி குழு உப்பையும் கிரவுன் ஈதரையும் சேர்த்து, காத்துலயும் நிலைக்கற 'என்' வகையைக் கொண்டு வந்தாங்க.

இவ்வளவு பண்ணியும் என்ன கிடைக்கும்? டிகிரிக்கு 100 மைக்ரோவோல்ட், 10 டிகிரி வித்தியாசம்னு வைங்க. ஒரு காலுக்கு 1 மில்லிவோல்ட். ஒரு பென்டார்ச் பேட்டரியோட 1.5 வோல்ட்டுக்கு 1500 காலை வரிசையா கோக்கணும். அறிவியல்னா இந்தக் கஷ்டம்தான். "அன்றே செய்தான்"னு ஒரே வரியில முடிச்சா, இதுல மண்டையை உடைச்சுக்கறவன் எல்லாம் முட்டாளா?

2003-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல அஜய் சூட், சங்கர் கோஷ் ரெண்டு பேரும் நானோ குழாய் மேல திரவம் ஓடினா மின்னழுத்தம் வரும்னு காட்டினாங்க. சயின்ஸ் இதழ்ல வந்தது. ஓசூர்ல பஸ் ஏறினா போயிடற தூரம். அதை எவனாவது ஃபார்வர்ட் பண்ணினானா?

நானும் அந்தப் பயலும் டோப்பிங் பத்தி பதினாறு மார்க் விடை எழுதினோம். வரிக்கு வரி மனப்பாடம். சீபெக் விளைவைக் காட்டற கருவி லேப்ல கண்ணாடி பீரோவுக்குள்ள நாலு வருஷமும் பூட்டியே இருந்துச்சு. உடைஞ்சுடுமாம். நாங்களும் சாவி கேக்கல. இன்னிக்கு அவனும் கோடு தட்டறான், நானும் கோடு தட்டறேன். எங்க சித்தப்பா சிப்காட்ல ஃபர்னஸ் முன்னாடி ஷிப்டு ஷிப்டா வேகறாரு. அந்தச் சூடு சும்மா வானத்துக்குப் போகுது. அதுல ஒரு சென்சாராவது ஓட்ட முடியுமான்னு கேக்கறதுக்குப் படிச்ச எங்க ரெண்டு பேருக்கும் துப்பில்ல.

முப்பாட்டன் உலை ஊதினான். நாம பீரோவைப் பூட்டி வெச்சுக்கிட்டு அவன் பேரைச் சொல்லி ஜல்லியடிக்கறோம். பெருமை வேணும்னா முதல்ல அந்தச் சாவியைக் கேளுங்கடா.

டிஸ்கி: அந்தப் பயலுக்கு இதை அப்படியே அனுப்பியாச்சு. ரெண்டு நீல டிக் வந்துடுச்சு. பதில்தான் இன்னும் வரல.