மொழி யாருடைய பாடம்?

தொடர்புத் திறன் என்னும் பெயரில் ஒரு பாடம் இன்று நம் கல்லூரிகளில் நடைபெறுகிறது. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கிய பின்னர், இத்தகைய திறன் பாடங்கள் பலவற்றை வெளி நிறுவனங்களின் துணைகொண்டு நடத்துகின்றனர். சிற்றூர்ப் பிள்ளைகளும் வேலை பெற வேண்டும் என்ற அதன் நோக்கத்தை யாரும் குறைகூற இயலாது. ஆனால் அதையே சாக்காக வைத்து, வேதியியல் ஆசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் “மொழி எங்கள் பொறுப்பன்று” என்று பிலாத்துவைப்போல் கைகழுவுவதை எவ்வாறு ஏற்பது?

ஒரு துறையின் அறிவு வேறு, அதை எடுத்துச் சொல்லும் திறன் வேறு என்று பிரிக்க முடியும் என்பதே இங்குள்ள அடிப்படைப் பிழை. நம் வயலுக்கே வருவோம். செம்மை நெல் சாகுபடி முறையை 1980-களில் மடகாஸ்கரில் உருவாக்கியவர் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு. பதினான்கு நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். ஏக்கருக்கு 2 அல்லது 3 கிலோ விதையே போதும். நீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் குத்துக்கு மூன்று நான்கு நாற்று நட்டவர், வரப்பு வரை தண்ணீர் நிற்பதைக் கண்டால்தான் உறங்கச் செல்பவர், நம் தஞ்சை உழவர். கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறும் வேளாண் மாணவர் இந்த முறையை அவரிடம் சொல்கிறார். “ஒத்தை நாத்து செத்துப் போனா யாரு பொறுப்பு, தம்பி?” என்று உழவர் கேட்கிறார்.

இக்கேள்விக்கு விடையளிக்க எந்த ஆங்கில உரையாடல் பயிற்சி உதவும்? நட்ட புதிதில் வயல் வெறிச்சென்றுதான் இருக்கும், தூர் வெடிக்கும் வரை பொறுங்கள் என்று சொல்லத் தெரிய வேண்டும். களைக்கருவியைத் திரும்பத் திரும்ப உருட்டியாக வேண்டும் என்ற கசப்பான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுவும் அவருடைய தமிழில் சொல்ல வேண்டும். தூர் ஏன் வெடிக்கிறது என்று அறிந்த உழவியல் ஆசிரியரே இப்பேச்சைப் பழக்க முடியும். (எம் குருமடங்களும் இதற்கு விலக்கல்ல. மறையுரைக் கலையைத் தனிப்பாடமாக ஒதுக்கிவிட்டு, இறையியல் வகுப்புகள் தம் வழியே செல்கின்றன. அதன் விலையை ஞாயிறுதோறும் செலுத்துவோர் பங்கு மக்கள்.)

“எங்களுக்கே இதை யாரும் கற்பிக்கவில்லையே” என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். அதற்கு மருந்தாகச் சுற்றறிக்கை வரும். ஒருநாள் பயிலரங்கு நடக்கும். சான்றிதழும் உணவுப் பொட்டலமும் கையில் ஏறும். மறுநாள் வகுப்பில் பழைய குறிப்பேடே திறக்கும். உழவர் அதிகாரியை நம்புவதைவிட அடுத்த வயல்காரரை நம்புகிறார். ஆசிரியரும் அப்படித்தான். 1969-70இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துச் சென்ட்ரல் கல்லூரியில், பார்பரா வால்வூர்ட் என்ற ஆங்கில ஆசிரியை பல துறையினரையும் ஒன்றாக அமரச் செய்து மாணவர் எழுத்தைப் பற்றிப் பேசவைத்தார். எல்லாத் துறைகளிலும் எழுத்தைக் கற்பிக்கும் இயக்கத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக அது இன்று மதிக்கப்படுகிறது. அவர் மேலதிகாரி அல்லர், உடன் பணியாற்றியவர்.

இம்முறை நம் மண்ணுக்குப் புதிதுமன்று. கொள்ளிடத்திற்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், மக்கள் பேசும் தமிழின் இலக்கணத்தை 1728இல் இலத்தீனில் எழுதினார். யாருக்காக? பாமர மக்களிடம் பேசத் தடுமாறிய தம் உடன் குருக்களுக்காக. கற்றவர் ஒருவர் தம் தோழர்களுக்குக் கற்பித்தார். அதை 1738இல் அச்சிட்டவர்களோ, அவர் கடுமையாக வாதிட்டு எதிர்த்த தரங்கம்பாடி லுத்தரன் சபையார்! மாற்றுச் சபையாரின் நூலென்று அவர்கள் ஒதுக்கவில்லை. நம் கல்லூரிகளில் இயற்பியல் துறையார் தமிழ்த்துறையின் வாசலை மிதிப்பதுண்டா?

நாம் கேட்பது பெரிதன்று. துறைக்கு ஓர் ஆசிரியர் முன்வரட்டும். மாதம் ஒருமுறை பல துறையினரும் கூடி, ஐந்து மாணவர்களின் விடைத்தாள்களை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டி, எங்கே பொருள் தடைப்படுகிறது என்று பார்க்கட்டும். முன்னின்று நடத்துபவருக்கு வாரம் இரண்டு பாடவேளைகளைக் குறைத்துக் கொடுங்கள். ஆண்டுதோறும் பணி நிலைக்குமோ என்று அஞ்சிக்கொண்டிருக்கும் கௌரவ விரிவுரையாளர் தலையில் இதையும் ஏற்றிவிட்டு, அதற்குச் ‘சேவை’ என்று பெயர் சூட்டாதீர்கள்.