ஏர் பேக் தாயத்து அல்ல! டிக்கி குடோனும் அல்ல!

ஓசூர் எல்லையில் ஒரு காரை மடக்கினால் போலீசார் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன?

"டிக்கியைத் திறப்பா!"

உள்ளே கர்நாடக மதுபாட்டில் இருக்கிறதா, குட்கா மூட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால், "சரி, கிளம்பு!"

கார் கிளம்புகிறது. முன் சீட்டில் அப்பா மடியில் குழந்தை. பின் சீட்டில் நாலு பேர். யாருக்கும் பெல்ட் கிடையாது. டிக்கியில் இடமில்லை என்று பின் சீட்டின் தலைமாட்டில் ஒரு மாம்பழப் பெட்டி. முன் பம்பரில் யானைத் தந்தம் மாதிரி இரும்புக் கம்பி. டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார்.

கடத்தல் சரக்கு இல்லை என்பது நிச்சயம். ஆனால் ஆளைக் கொல்லும் சரக்கு அத்தனையும் இருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை.

ஓசூரை உலுக்கிய இரவு

2021 ஆகஸ்டு 31. விடியற்காலைக்கு முன், பெங்களூர் கோரமங்களாவில் ஒரு ஆடி கார் நடைபாதைக் கம்பங்களில் மோதி, கட்டிடச் சுவரில் இடித்து நொறுங்கியது. காரில் இருந்த ஏழு பேரும் பலி. எல்லாரும் வாழ வேண்டிய வயசு. இறந்தவர்களில் ஒருவர் ஓசூர் எம்.எல்.ஏ. ஒய். பிரகாஷின் மகன். ஊரே கண்ணீர் விட்டது.

சாதாரணக் கார் அல்ல அது. ஏர் பேக் உள்ள விலை உயர்ந்த கார். ஆனால் ஏர் பேக் திறக்கவில்லை என்றும், ஒருவர்கூட சீட் பெல்ட் போடவில்லை என்றும் பெங்களூர் போலீசார் சொன்னார்கள். ஐந்து பேர் உட்கார வேண்டிய காரில் ஏழு பேர்.

பை ஏன் திறக்கவில்லை என்று டீக்கடைகளில் பல நாள் விவாதம் நடந்தது. பெல்ட் ஏன் போடவில்லை என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

அடுத்த வருஷம், 2022 செப்டம்பர் 4. டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற பென்ஸ் கார், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா நதிப் பாலத்தில் மோதியது. முன் சீட்டில் இருந்த இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இருவர் இறந்தார்கள். அந்த இருவரும் பெல்ட் போடவில்லை.

கோடீஸ்வரருக்கும் ஒரே விதிதான். குமாஸ்தாவுக்கும் ஒரே விதிதான்.

பெல்ட் அண்ணன், பை தம்பி

ஏர் பேக் என்பது நைலான் துணிப் பை. மோதலை சென்சார் உணர்ந்ததும், சின்னதாக ஒரு மருந்து வெடித்து, அந்த வாயு பையை ஊதி விடுகிறது. கண் இமைக்கும் நேரம் என்பார்களே, அதைவிட வேகம். ஒரு நொடியை முப்பது கூறு போட்டால் அதில் ஒரு கூறு!

ஸ்டீரிங்கில் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கிறது. அதில் முதல் எழுத்துக்கு அர்த்தமே 'துணை' என்பதுதான். யாருக்குத் துணை? பெல்ட்டுக்கு! பெல்ட் ஆளை சீட்டோடு பிடித்து வைக்கும். பை முகத்தையும் மார்பையும் தாங்கும். பெல்ட் போடாத ஆள் முன்னால் பறந்து போகிறான். எதிரே பை பீரங்கி மாதிரி விரிந்து வருகிறது. தாங்க வேண்டிய பை அப்போது அறைகிறது.

"ஏர் பேக் இருக்கே சார், பெல்ட் எதுக்கு?" என்று கேட்கிறவர், வீட்டுக்குக் கூரை இருக்கிறது, சுவர் எதுக்கு என்று கேட்கிறவர்!

பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. போடாவிட்டால் 2019 திருத்தச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனால் சிப்காட்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிகளில் பின் சீட்டு பெல்ட்டைத் தேடிப் பாருங்கள். பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். கவர் புதுசு. பெல்ட் மாயம்!

மடியில் குழந்தை

2025-ல் திருப்போரூர் அருகே நடந்ததை எந்தத் தாய் தகப்பனும் மறக்கக் கூடாது. வாடகைக் காரில் முன் சீட்டில் தகப்பன் மடியில் ஏழு வயது பையன். முன்னால் போன கார் நின்றது. இந்தக் கார் மோதியது. பை விரிந்தது. பையன் இறந்து போனான். அதற்கு முந்தின வருஷம் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில், தாய் மடியில் முன் சீட்டில் இருந்த இரண்டு வயதுக் குழந்தைக்கும் இதே கதி.

பெரியவர் மார்பு உயரத்துக்குக் கணக்குப் போட்டு வைத்த பை அது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு அது முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. பின்னால் தகப்பன் உடம்பு, முன்னால் பை. நடுவில் பிஞ்சு!

"அழுதுச்சு, அதான் முன்னாடி வச்சுக்கிட்டேன்" என்பார்கள். பின் சீட்டில் அழட்டும். அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இடம் பின் சீட்டுதான். கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்க்க உட்கார வைக்கும் குழந்தை சீட்டை, ஏர் பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது.

பிள்ளையாருக்கும் இடம் உண்டு

பக்கத்து சீட்டுக்காரரின் பை டேஷ்போர்டுக்குள் மடிந்து கிடக்கிறது. அதன் மூடிக்கு மேலேதான் பிள்ளையார், போன் ஸ்டாண்டு, சென்ட் பாட்டில் எல்லாம். பை வெடித்துக் கிளம்பும்போது அவை குண்டு மாதிரி முகத்துக்குப் பறக்கும். சாமியைக் குறை சொல்ல முடியாது. இடம் மாற்றி வைக்காத ஆசாமியைத்தான் சொல்ல வேண்டும். மூடி இல்லாத பக்கமாகப் பார்த்து, சின்னப் படமாக ஒட்டினால் சாமி கோபித்துக் கொள்ளாது.

டேஷ்போர்டில் கால் நீட்டி உட்காருவது ஒரு பேஷன். பை விரிந்தால் அந்த முழங்கால் அவர் முகத்திலேயே இடிக்கும். டிரைவரும் ஸ்டீரிங்கை நெஞ்சில் கட்டிக் கொள்ளக் கூடாது. நடுவில் பத்து அங்குலமாவது இடம் வேண்டும்.

சில கார்களில் பக்கவாட்டுப் பை சீட்டின் ஓரத்திலேயே தைத்திருக்கும். அதன்மேல் கெட்டியான ரெக்சின் கவர் மாட்டினால் பை எப்படி வெளியே வரும்? வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தெரிந்த கடைக்காரர் கேட்காமலே சொல்ல வேண்டும்.

முன் பம்பரில் மாட்டும் இரும்புக் கம்பி இன்னொரு வினை. மோதலின் அடி சென்சாருக்குப் போகும் விதத்தையே அது மாற்றி விடும்; பை விரியும் நேரம் தவறிப் போகலாம். இந்தக் கம்பிகள் சட்ட விரோதம் என்று 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சானமாவு பக்கம் யானை வருமே, அதற்குத்தான் என்று சிலர் காரணம் சொல்கிறார்கள். யானைக்கு அந்தக் கம்பி அகத்திக் குச்சி! அங்கே காப்பாற்றுவது கம்பி அல்ல, மெதுவாகப் போகும் கால்.

எல்லை தாண்டி வரும் கார்

கே.ஏ. நம்பரில் பெங்களூரில் ஓடிய கார், கைமாறி ஓசூருக்கு வந்து டி.என். 70 ஆகிறது. கிருஷ்ணகிரிக்குப் போனால் டி.என். 24. விலை மலிவு, பெயிண்ட் பளபள. ஆனால் அந்தக் கார் ஏற்கனவே எங்கேயாவது மோதியதா?

ஒருமுறை விரிந்த பை மறுபடி ஆகாது. புதுசு மாட்டினால் பல ஆயிரம் செலவு. அதனால் சில புரோக்கர்கள் மூடியை மட்டும் ஒட்டி, உள்ளே காலியாக விட்டு விடுகிறார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்து காட்டிக் கொடுக்குமே என்று பல்பையே பிடுங்கி விடுவதும் உண்டு.

பார்க்கும் வழி சுலபம். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர் பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிடச் சந்தேகம். காசு கொடுக்கும் முன்பு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்ப்பது நல்லது.

சேசிஸ் நம்பரைக் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஜப்பானின் டகாட்டா கம்பெனி செய்த பைகளில் அமோனியம் நைட்ரேட் மருந்து. வெயிலிலும் ஈரக் காற்றிலும் வருஷக்கணக்கில் கெட்டு, விரியும்போது இரும்புச் சில்லைத் தெறிக்க விட்டது. உலகமெங்கும் சுமார் பத்துக் கோடி பைகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் டகாட்டா திவால்! இந்தியாவிலும் பல கம்பெனிகள் இலவசமாக மாற்றிக் கொடுத்தன. கை மாறிய காருக்குக் கம்பெனிக் கடிதம் பழைய வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஹாரன் ரிப்பேர், ஸ்டீரியோ மாற்றம் என்று ரோட்டோரத்தில் ஸ்டீரிங்கைக் கழற்ற விடக் கூடாது. வெள்ளத்தில் முங்கிய காரை ஓட்டும் முன் சர்வீஸ் சென்டரில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இனி டிக்கி

இருபது கிலோ கிரேட் ஒன்றைப் பின் சீட்டின் தலைமாட்டில் வைத்தாச்சு. ராயக்கோட்டைத் தக்காளியோ, கிருஷ்ணகிரி மாம்பழமோ, எதுவாகவும் இருக்கட்டும். அறுபது கிலோ மீட்டர் வேகத்தில் கார் மோதி நின்றால், கிரேட் நிற்காது. பதினாலு மீட்டர், அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுந்தால் என்ன வேகமோ, அந்த வேகத்தில் முன்னால் இருப்பவர் பிடரியில் இறங்கும். இதற்கு ஏர் பேக் என்ன செய்யும்?

கனமான சாமான் டிக்கியின் தரையில், பின் சீட்டை ஒட்டி இருக்க வேண்டும். சீட்டின் உயரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது. உருளும் சாமானைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். டிக்கிக் கதவைத் திறந்தபடி ஓட்டினால் சைலன்சர் புகை உள்ளே வரும். அது ஆளை மயக்கிக் கொல்லும் புகை. டிக்கியில் பிள்ளைகளை உட்கார வைத்து ஊர்கோலம் போவது, பின் மோதலுக்கு அவர்களையே பம்பராக வைப்பது!

எல்லையில் விலை வித்தியாசம் பார்த்து கேனில் பெட்ரோல் வாங்கி டிக்கியில் போடுவதும் வேண்டாத வேலை. தீபாவளி வந்தால் பட்டாசு. அத்திப்பள்ளியிலும் ஓசூரிலும் வாங்கி டிக்கி நிறைய அடைக்கிறார்கள். 2023 ஜூலை 29-ல் கிருஷ்ணகிரி பழையபேட்டை பட்டாசுக் குடோன் வெடித்து ஒன்பது பேர் பலி. அதே வருஷம் அக்டோபர் 7-ல் அத்திப்பள்ளிக் கடையில் தீ. பதினான்கு பேருக்கு மேல் பலி, பலர் தமிழகத்துப் பையன்கள். 2021 தீபாவளியன்று புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பத்தில், ஸ்கூட்டரில் நாட்டு வெடி கொண்டு போன தகப்பனும் ஏழு வயது மகனும் நடுரோட்டில் சிதறிப் போனார்கள். மருந்துக்குக் குடோன் எது, டிக்கி எது என்று தெரியாது.

பூட்டிய கார்

2022 ஜூனில் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே நிறுத்தியிருந்த காரில் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள், கதவு பூட்டிக் கொண்டு மூச்சு முட்டி இறந்தன. 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரத்தில் இதே மாதிரி நான்கு குழந்தைகள். வெயிலில் நின்ற காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி சூடு ஏறும்.

அமெரிக்காவில் 1998-ல் சில வாரங்களில் பதினோரு குழந்தைகள் டிக்கிக்குள் மாட்டி இறந்தன. அதன் பிறகு சட்டம் வந்தது. 2001 செப்டம்பரிலிருந்து அங்கே விற்கும் கார்களில் டிக்கிக்குள்ளிருந்தே திறக்கும் கொக்கி கட்டாயம். இங்கே கொக்கி வரும் வரை, சாவி ஆணியில் இருக்கட்டும். கார் எப்போதும் பூட்டியே இருக்கட்டும். பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும். கிணற்றடி அப்புறம்!

செய்ய வேண்டியவர்கள்

2019 ஜூலையிலிருந்து டிரைவருக்கு ஏர் பேக் கட்டாயம். 2021-ல் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம் ஆனது. சட்டம் பையைக் கொடுத்துவிட்டது. அதைக் காப்பாற்றுவது யார்?

எல்லையில் டிக்கியைத் திறக்கச் சொல்லும் போலீசார், அப்படியே பின் சீட்டு பெல்ட்டையும் ஒரு பார்வை பார்க்கலாம். கூடுதலாக அரை நிமிஷம். கே.ஏ. காரை டி.என். காராக மாற்றிக் கொடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசில், சாவியைத் திருப்பி ஏர் பேக் விளக்கைப் பார்க்கலாம். சேசிஸ் நம்பரைத் தேய்த்துப் பார்க்கிறார்களே, அதைவிடச் சுலபம். வண்டி அமர்த்தும் கம்பெனிகள், பின் சீட்டு பெல்ட் இல்லாத வண்டிக்கு பில் பாஸ் பண்ண மாட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். மறுநாளே பக்கிள் கவருக்கு மேலே வந்துவிடும்!

அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். வண்டியும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஊர் ஓசூர். போல்ட் ஒரு நூல் தளர்ந்தால் பெட்டியிலிருந்து தூக்கிப் போடும் தொழிலாளி, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும்போது பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் சொருகிக் கொள்கிறான். பேக்டரியில் இருக்கிற கவனம் கேட்டைத் தாண்டினால் எங்கே போகிறது?

டிக்கியைத் திற என்று போலீசார் சொல்லும்போது திறக்கிறார்கள். பெல்ட்டைப் போடு என்று சொல்ல, வீட்டில் காத்திருக்கும் முகம் ஒன்று போதாதா?